பாளையத்துச் சோறு – 7: பேட்டா

மெஸ், ரேஷன் என்ற இரண்டு சொற்களைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். இந்த வாரம் பேட்டா.

வெளியூர்ச் சவாரிக்கு வண்டி பேசினால், டிரைவர் பேட்டாவையும் சேர்த்தே பேசுவார். சம்பளம் உழைப்புக்கு; பேட்டா, வீட்டுச் சோறு கிடைக்காத நாளுக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்திலும் இதே கணக்குதான். முகாமை விட்டுக் களத்துக்குப் போகிறவர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் ‘பத்தா’ உண்டு. அந்தப் பத்தாதான் நம் பேட்டா. நெல்லைக் குறிக்கும் ‘பத்த’ என்ற கன்னடச் சொல்லோடு இதை இணைக்கிறது, 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி.

1757இல் பிளாசிப் போருக்குப் பின், வங்க நவாப் மீர் ஜாஃபர் கம்பெனி அதிகாரிகளுக்கு இரட்டைப் பத்தா கொடுத்தார். பிறகு அந்தச் செலவு கம்பெனியின் தலையில் விழுந்தது. 1766 ஜனவரி முதல் அதை நிறுத்த ராபர்ட் கிளைவ் ஆணையிட்டார். ஆங்கிலேய அதிகாரிகள் கூடிப் பேசி, ஒட்டுமொத்தமாகப் பதவி விலக முனைந்தார்கள். மாற்று அதிகாரிகளை அனுப்பச் சொல்லிச் சென்னைக்கு எழுதினார் கிளைவ். சிப்பாய்கள் அவர் பக்கமே நின்றதால் கலகம் அடங்கியது. முங்கேரில் படைத்தலைவராக இருந்த சர் ராபர்ட் ஃபிளெட்சர், ராணுவ விசாரணைக்குப் பின் பதவி நீக்கப்பட்டார். அதே ஃபிளெட்சர் பின்னாளில் சென்னைப் படைக்கே தளபதியாகி, 1776இல் ஆளுநர் பிகாட்டைச் சிறைவைத்தவர்களின் பக்கம் நின்றார்.

அதிகாரிகளுக்குப் பத்தா வசதியைக் கூட்டிய பணம். சிப்பாய்க்கோ, ஊரில் இருக்கும் குடும்பத்துக்குச் சம்பளத்தை அனுப்பிவிட்டுத் தான் சாப்பிட்டுக்கொள்ளும் வழி அது. 1843இல் சிந்துவும் 1849இல் பஞ்சாபும் கம்பெனியின் வசமாயின. இனி அவை அயல்நாடு அல்ல என்று காரணம் சொல்லி, அங்கே போன சிப்பாய்களுக்கு அயல்நாட்டுப் பத்தாவை நிறுத்தினார்கள். அந்த மண்ணை வென்று கொடுத்தவர்களுக்கு, வென்றதாலேயே வருமானம் குறைந்தது. நடந்த தூரமும் விலைவாசியும் அப்படியேதான் இருந்தன. 1857இல் சிப்பாய்க் கலகமாக வெடித்த கோபத்துக்குப் பின்னால் இந்த வஞ்சனையும் இருந்தது.

தமிழிலும் பேட்டாவுக்கு இணையான சொல் உண்டு. தானியம் அளக்கும் படி, நாளுக்கு இவ்வளவு என்று அளந்து தரும் உணவுக்கும் பெயராயிற்று. இன்று பஞ்சப்படி, பயணப்படி என்று சம்பளச் சீட்டில் காசாக வருகிறது.

பேட்டாவைக் கேட்டு வாங்குபவரிடம் முகம் சுளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் கேட்பது இனாம் அல்ல. நம் வேலைக்காக ஊர் விட்டு வந்தவருக்கு அன்றைய சாப்பாடு நம் பொறுப்பு. அந்தப் பொறுப்பைப் பேரம் பேசிக் குறைப்பது, கம்பெனி சிப்பாய்க்குச் செய்த அதே அநியாயம்.

(தொடரும்)