துப்பாக்கிக்குப் பூசும் வர்ணம்

மாட்டுப் பொங்கலன்று தொண்டாமுத்தூர்ப் பக்கம் சென்றால், கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மணியும் சலங்கையும் கட்டிய காளைகளைக் காணலாம். வர்ணத்தால் காளையின் வலிமை கூடுவதில்லை. பார்ப்பவர் கண்ணை அது இழுக்கிறது, அவ்வளவுதான். இதே போன்ற அலங்காரம் கைபேசியிலும் கணிப்பொறியிலும் ஆடப்படும் துப்பாக்கி விளையாட்டுகளில் உண்டு. துப்பாக்கியின் மேல் பூசும் வர்ணத்தை 'ஸ்கின்' என்றும், அதில் தொங்கவிடும் சிறு பொம்மையைச் 'சார்ம்' என்றும் மாணவர்கள் அழைக்கிறார்கள்.

கொம்புக்குப் பூசும் சாயத்தைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறோம். ஆனால் இந்த அலங்காரங்களில் பலவற்றை அப்படி வாங்க முடியாது. பணம் கட்டி ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே எது இருக்கும் என்பது திறந்த பிறகே தெரியும். இதற்காகக் கைச்செலவுப் பணத்தை இழக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். எனவே அந்தப் பெட்டிக்குள் இருக்கும் விஞ்ஞானத்தையும் கணக்கையும் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

வர்ணம் எப்படி ஒட்டிக்கொள்கிறது?

இனிப்புக் கடை அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரியுங்கள். அதன் மேல் ஒரு படம் வரைந்து மீண்டும் மடித்தால், படம் பெட்டியின் எல்லாப் பக்கங்களிலும் படிந்திருக்கும். கணிப்பொறியும் இதைத்தான் செய்கிறது. திரையில் தெரியும் துப்பாக்கி, ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களால் ஆன உருவம். ஒவ்வொரு முக்கோணத்தின் மூலைக்கும், தட்டையான படத்தில் எந்த இடம் உரியது என்று இரண்டு எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். படத்தை மாற்றினால் வர்ணம் மாறும்; துப்பாக்கியின் உருவம் மாறாது.

உலோகப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது? பரப்பில் எந்த இடம் வழவழப்பானது, எந்த இடம் சொரசொரப்பானது என்பதைக் குறிக்கும் வேறொரு படமும் உண்டு. ஒளி விழும் கோணத்தையும் நாம் பார்க்கும் கோணத்தையும் கொண்டு, எதிரொளிப்பு விதிப்படி ஒவ்வொரு புள்ளியின் ஒளிர்வும் கணக்கிடப்படுகிறது. 1080 × 2400 புள்ளிகள் கொண்ட திரையில் வினாடிக்கு 60 படங்கள் என்றால், ஒரு வினாடியில் நிறம் தீட்ட வேண்டிய புள்ளிகள் 15 கோடிக்கும் மேல்!

தொங்கும் பொம்மையோ, நமக்கு நன்கு தெரிந்த தனி ஊசல்தான். 4 செ.மீ. நீளச் சங்கிலியில் தொங்கும் பொம்மையின் அலைவு நேரம் ஏறத்தாழ 0.4 வினாடி. அது இயல்பாக ஆடுவதாகத் தோன்ற, விளையாட்டும் இதே இயக்க விதிகளைத்தான் பின்பற்ற வேண்டும்.

குண்டு எங்கே பாய்கிறது, எவ்வளவு சேதம் விளைவிக்கிறது என்பவை வேறு எண்கள். வர்ணப் படத்தை அந்தக் கணக்கு எட்டிப் பார்ப்பதே இல்லை. இதற்கு விலக்கும் உண்டு. ஃப்ரீ ஃபயர் விளையாட்டில் சில துப்பாக்கி வர்ணங்கள் சேதத்தையும் குண்டு நிரப்பும் வேகத்தையும் சற்றுக் கூட்டின அல்லது குறைத்தன. நாம் இங்கே பேசுவது வெறும் அலங்காரத்தைப் பற்றி மட்டுமே.

பெட்டியின் கணக்கு

பெட்டிகளில் எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு கிடைக்கும் என்பதை வெளியிட வேண்டும் என்று சீன அரசு 2017இல் விதித்தது. அதன்படி கவுன்ட்டர் ஸ்ட்ரைக் விளையாட்டின் கணக்கு வெளிவந்தது. ஏறத்தாழ 80 விழுக்காடு பெட்டிகளில் இருப்பது மிகச் சாதாரணமான நீல வகை. எல்லோரும் விரும்பும் கத்தி போன்ற அரிய பொருள் கிடைப்பது 0.26 விழுக்காடு, அதாவது சராசரியாக 385 பெட்டிகளுக்கு ஒன்று. பெட்டியைத் திறக்கும் சாவியின் விலை 2.49 டாலர். 385 சாவிகளுக்கு ஏறத்தாழ 959 டாலர் ஆகும்.

அப்படியானால் 385 பெட்டிகளைத் திறந்தால் ஒரு கத்தி நிச்சயமா? இல்லை. ஒரு முறை கிடைக்காமல் போகும் நிகழ்தகவு 0.9974. இதை 385 முறை பெருக்கினால் வருவது ஏறத்தாழ 0.37. அதாவது 385 பெட்டிகளைத் திறக்கும் நூறு பேரில் 37 பேர் வெறுங்கையுடன்தான் திரும்புவார்கள். ஆயிரம் பெட்டிகள் திறந்தாலும் நூற்றுக்கு 7 பேருக்கு ஒன்றும் கிடைக்காது.

"இத்தனை முறை கிடைக்கவில்லையே, இனிக் கிடைக்கத்தானே வேண்டும்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பணத்தை இழக்கச் செய்யும் எண்ணம் இதுவே. ஒவ்வொரு திறப்பும் தனி நிகழ்ச்சி. பெட்டிக்கு நினைவு கிடையாது. நூறு முறை தோற்றவருக்கும் முதன்முறை திறப்பவருக்கும் வாய்ப்பு அதே 0.26 விழுக்காடுதான். சில விளையாட்டுகளில் 'இத்தனை முறைக்குள் ஒன்று உறுதி' என்ற விதி இருக்கலாம். அது எழுத்தில் இருந்தால் மட்டுமே நம்பலாம்.

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனை 2003இல் தடை செய்யப்பட்டது. வாளையாறு தாண்டினால் கேரள அரசின் லாட்டரி இருப்பதைக் கோவை மக்கள் அறிவார்கள். அதில் விழுந்தால் பணம். இதில் விழுந்தால் ஒரு படம். பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இல் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் உள்ளிட்ட சில விளையாட்டுகளின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

பொருள் யாரிடம் இருக்கிறது?

வாங்கிய வர்ணம் நம் கைபேசியில் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில், 'இன்னாருக்கு இந்த வர்ணம் உண்டு' என்ற ஒரு வரி நிறுவனத்தின் கணிப்பொறியில் எழுதப்பட்டிருக்கிறது. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் விளையாட்டை இந்திய அரசு தடை செய்தது. அக்டோபர் 30 அன்று இந்தியருக்கான சேவை முற்றிலும் நிறுத்தப்பட்டது. சேர்த்து வைத்த வர்ணங்களை அன்று முதல் எவராலும் பயன்படுத்த முடியவில்லை. 2021 ஜூலையில் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா வந்தபோது, பழைய கணக்கை மாற்றிக்கொள்ளக் குறிப்பிட்ட காலம் வரை வசதி தரப்பட்டது. அதுவும் நிறுவனம் கொடுத்ததால் கிடைத்ததே.

பொருளின் அருமையும் அவ்வாறே. 2025 அக்டோபரில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் நிறுவனம் ஒரு விதியை மாற்றியது: ஐந்து சிவப்பு வகைப் பொருள்களைக் கொடுத்து ஒரு கத்தியையோ கையுறையையோ பெறலாம். உடனே கத்திகளின் விலை சரிந்தது. தங்கத்தின் அருமை இயற்கையில் உள்ளது. இவற்றின் அருமை ஒருவர் எழுதி வைத்த எண்ணில் உள்ளது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பையில் 385 அவரைக்கொட்டைகளை எண்ணிப் போடுங்கள். ஒன்றில் மட்டும் மையால் புள்ளி வையுங்கள். பார்க்காமல் ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு, மீண்டும் பையில் போட்டுக் குலுக்குங்கள். திரும்பப் போடுவது முக்கியம். அதுதான் பெட்டியின் விதி. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் 2.49 டாலர் கொடுத்ததாகக் கணக்கு எழுதுங்கள். புள்ளி வைத்த கொட்டை கையில் வரும்போது மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். இந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒரு பிடி அவரைக்கொட்டைதான். அதையும் பிறகு குழம்பில் போட்டுக்கொள்ளலாம்!