கைப்பேசியில் கட்டிய குதிரை

இரும்பையில் அக்கா வீட்டுக்குப் போனால், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அக்கா மகளிடம் பேச்சுக் கொடுக்க முடியாது. அவள் குதிரைக்குத் தண்ணீர் காட்டும் நேரம் அது. ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். குதிரை கைப்பேசிக்குள் இருக்கிறது. உடம்பைத் தேய்த்து, பிடரி மயிரைச் சீவி, குளம்பில் சிக்கிய கல்லை எடுத்து, வாளியில் தண்ணீர் வைத்தால் நான்கு நட்சத்திரம். நான்கும் சேர்ந்த பிறகுதான் சேணம் போட்டு ஏறலாம், மரக்கட்டைகளைத் தாண்டலாம்.

“கல்லை எடுக்காம ஓட்டினா நொண்டும் மாமா” என்றாள் ஒருநாள். அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். சுட்டுத் தள்ளும் விளையாட்டுகளுக்கு நடுவில், ஓர் உயிரைப் பட்டினி போடக் கூடாது என்பதையே ஆட்ட விதியாக வைத்திருக்கும் விளையாட்டு. எனக்குப் பிடித்துவிட்டது.

இந்த வகைக்கு ஒரு முன்னோடி, 1996-இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் கொண்டுவந்த தமகோச்சி. முட்டை வடிவப் பொம்மை. பசித்தால் கத்தும், கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும். பிறகு 2005-இல் பிரான்சிலிருந்து ஹவ்ர்ஸ் வந்தது, சுவீடனிலிருந்து ஸ்டார் ஸ்டேபிள் வந்தது. பெண் குழந்தைகளை மனத்தில் வைத்துச் செய்தவை என்பதாலேயே இவற்றை விவரமானவர்கள் பெரிதாகப் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால், ஒரு குதிரையைத் திரையில் நடக்கவிடுவது மனிதனை நடக்கவிடுவதைவிடக் கடினமான வேலை.

சிக்கல் காலில் இருக்கிறது. குதிரை மெல்ல நடக்கும்போது நான்கு குளம்பும் தனித்தனியே தரையைத் தொடும். நான்கு தட்டு கேட்கும். குதிரையேற்றம் கற்பவர்கள் ட்ராட் என்று சொல்லும் ஓட்டத்தில் முன்னங்கால் ஒன்றும் அதற்குக் குறுக்கே எதிர்ப்பக்கத்துப் பின்னங்காலும் ஜோடியாக விழும், இரண்டே தட்டு. கேன்டரில் மூன்று. நாலுகால் பாய்ச்சலான கேலப்பில் மறுபடி நான்கு, ஆனால் நடையின் நான்கு அல்ல. வேகத்தைக் கூட்டினால் நடை ஓட்டமாகிவிடாது. கால்களின் வரிசையே மாற வேண்டும். நம் பழைய நூல்கள் இதைக் கவனித்து ஐங்கதி என்று ஐந்தாகப் பிரித்தன. மயூரகதி, வானரகதி என்று மயிலிலும் குரங்கிலும் ஒப்புமை தேடினார்கள். கண்ணால் பார்த்தே அவ்வளவு தூரம் போனது பெரிய விஷயம்.

கண் எங்கே தோற்றது என்பதும் தெரியும். பாயும் குதிரையை வரைந்த ஓவியர்கள் பலர், முன்கால் முன்னாலும் பின்கால் பின்னாலும் நீண்டு அந்தரத்தில் மிதப்பதாகவே வரைந்தார்கள். 1878-இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ், ஓடுபாதை நெடுக வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி, பாய்ந்துவந்த குதிரையைக் கணம் கணமாகப் படம்பிடித்தார். நான்கு குளம்பும் தரையை விட்டு எழும் கணம் உண்டு; ஆனால் அந்தக் கணத்தில் கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கு அடியில் மடங்கிக் குவிந்திருந்தன.

மைபிரிட்ஜ் பிரித்துக் காட்டியதை விளையாட்டு செய்கிறவர்கள் திரும்ப ஒட்டவைக்க வேண்டும். வழக்கமான முறையில் நடைக்கு ஓர் அசைவுத் துண்டு, ட்ராட்டுக்கு ஒன்று, கேன்டருக்கு ஒன்று என்று தயாரித்து வைத்து, பிள்ளை பொத்தானை அழுத்தும்போது ஒன்றை இன்னொன்றில் கரைப்பார்கள். நான்கு தட்டும் இரண்டு தட்டும் கலக்கும் அந்த இடத்தில்தான் குளம்பு சறுக்கும், பனிக்கட்டியில் ஓடுவதுபோலத் தெரியும். இந்தத் தையல் தெரியாமலிருக்க 2018-இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நரம்பு வலைப்பின்னல் எனும் தானே கற்கும் கணினி நிரலுக்கு நான்குகால் விலங்கின் அசைவைக் கற்றுக்கொடுத்தார்கள். கால் மாறும் இடத்தை அதுவே பதிவுகளிலிருந்து புரிந்துகொண்டது. அவர்கள் பதிவுக்கு எடுத்தது நாயை. உடம்பெங்கும் குறிகள் ஒட்டி ஸ்டூடியோவுக்குள் ஓடவிட நாய் சம்மதிக்கும். அரை டன் எடையுள்ள குதிரையை அப்படிச் செய்வது எளிதல்ல.

கால்களையாவது முயன்றிருக்கிறார்கள். வயிற்றைத் தொடவே இல்லை. அக்கா மகளின் குதிரை எத்தனை கேரட் கொடுத்தாலும் தின்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஓர் இதயப்படம் பறக்கிறது. இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உணவுக்குழாய் இரைப்பையில் இறங்கும் இடத்தில் உள்ள தசை வளையம் அவ்வளவு இறுக்கம். உள்ளே போனது மேலே திரும்பாது. உடம்பைப் பார்த்தால் இரைப்பையும் மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான். அதனால் மேய்ச்சலில் விட்ட குதிரை நாளின் பெரும்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும். மாட்டுக்குப் புல் முதலில் பெருவயிற்றில் நுண்ணுயிர்களிடம் போய், அசைபோட்டு, பிறகு செரிக்கிறது. குதிரை அசைபோடாது. அதன் நுண்ணுயிர்கள் குடலின் கடைசியில், பெருங்குடலில் காத்திருக்கின்றன. ஒரேயடியாகத் தானியத்தைப் போட்டால் செரிக்காத மாவுச்சத்து அங்கே போய்ப் புளித்து அமிலமாகும். நுண்ணுயிர்கள் மடியும், நச்சு ரத்தத்தில் கலக்கும். வயிற்றுவலியில் குதிரை தரையில் புரளும். சிலசமயம் வலி குளம்பில் போய் நிற்கும்: குளம்பின் கடினமான கூட்டுக்குள் எலும்பைத் தாங்கும் மெல்லிய திசு அழன்று, நிற்கவே முடியாமல் போகும். கொள்ளை ஊறவைத்து, அளந்து, வேளை பிரித்துக் கொடுக்கும் குதிரைக்காரர் கையளவில் தெரிந்துவைத்திருப்பது இதைத்தான். கேரட் ஓர் அளவுக்கு மேல் போனால் குதிரை வயிற்றைத் திரும்பிப் பார்ப்பதுபோல ஓர் அசைவை அந்த விளையாட்டில் சேர்த்திருந்தால், அதைச் செய்தவர்களைத் தேடிப்போய்க் கைகுலுக்கியிருப்பேன்.

இரும்பைக்குப் பக்கத்தில்தான் ஆரோவில். ரெட் எர்த் என்ற குதிரையேற்றப் பள்ளி அங்கே இருக்கிறது. அந்த ஊர்ச் செம்மண்ணின் பெயரைத்தான் பள்ளிக்கும் வைத்திருக்கிறார்கள். குதிரைக்கு அந்த மண் சிவப்பாகத் தெரியாது. நம் விழித்திரையில் நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. அதற்கு இரண்டே வகை. சிவப்பும் பச்சையும் அதற்குப் பிரிவதில்லை. ஆனால் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும் மட்டும் குருடு. தோள்பக்கமாக, தெரியும்படி வர வேண்டும் என்று லாயத்தில் சொல்வது இதனால். திரையில் எந்தப் பக்கத்திலிருந்து விரலை வைத்தாலும் குதிரை மிரளாது.

உயிருள்ள குதிரை நம்மை எவ்வளவு கவனிக்கிறது என்பதை பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை காட்டியது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொன்னது. 1907-இல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் ஆராய்ந்து உண்மையைக் கண்டார். சரியான எண் வந்ததும் கேட்டவர் தம்மை அறியாமல் தலையை இம்மியளவு அசைத்தார். அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் நிறுத்தியது. கணக்குத் தெரியாவிட்டாலும் மனிதரைப் படிக்கத் தெரிந்த குதிரை.

சுவீடனில் லிண்டா கீலிங் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. குதிரையைப் பிடித்து நடத்துபவர்களையும் ஏறி ஓட்டுபவர்களையும் ஒரே பாதையில் நான்கு முறை போகச் சொன்னார்கள். நான்காம் முறைக்கு முன் மட்டும், “இப்போது வழியில் குடை விரியும்” என்று சொல்லி வைத்தார்கள். குடை விரியவே இல்லை. மனிதரின் இதயத்துடிப்பு ஏறியது. எதுவும் தெரியாத குதிரையின் துடிப்பும் கூடவே ஏறியது. இங்கே செஞ்சி தேசிங்கு ராஜன் நினைவுக்கு வருகிறார்; 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டவர். ஒருவருக்கும் அடங்காத குதிரையை அவர் சிறுவயதில் அடக்கி ஏறினார் என்று கதைப்பாடல் சொல்லும். இந்த ஆய்வைப் படித்த பிறகு அந்தச் சிறுவனின் முரட்டுக் கையைவிட அவனது நிதானமான மூச்சைப் பற்றியே நினைக்கத் தோன்றுகிறது.

போன மாதம் அக்கா மகளை ஒரு லாயத்துக்கு அழைத்துப் போனேன். கிட்டே போனதும் கை நடுங்கியது. குதிரை காதைப் பின்னுக்கு மடித்துத் தலையைத் தூக்கிக்கொண்டது. “கொஞ்சம் நில்லு பாப்பா, அவசரம் இல்ல” என்றார் குதிரைக்காரர். நின்றாள். பிறகு அவர் அவள் கையில் தூரிகையைக் கொடுத்து, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டைக் காட்டினார். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வது பெரும்பாலும் அங்கேதான். 1993-இல் பிரான்சின் காமார்க் குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வில், அந்த இடத்தில் சொறிந்தால் இதயத்துடிப்பு குறைந்தது. வேறிடத்தில் சொறிந்தபோது குறையவில்லை. அவள் தேய்த்தாள். சற்று நேரத்தில் தலை தாழ்ந்து, கீழுதடு தொங்கி, லேசாகத் துடித்தது.

வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியைத் திறந்தவள், தூரிகையை இழுத்துக்கொண்டுபோய் அதே மேட்டில் வைத்தாள். பிறகு வயிற்றில் வைத்தாள், பின்னங்காலில் வைத்தாள். எங்கே வைத்தாலும் அதே நட்சத்திரம்தான் வந்தது. “இதுக்கு அந்த இடமே இல்ல மாமா” என்றாள்.