வலிக்காத இடத்தில் ஒரு வளர்ச்சி

தண்டையார்பேட்டை வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். எண்ணூரில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் கணவருக்கு மலத்தோடு ரத்தம் போக, மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டிருக்கிறார். இப்போது குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோப்பியில் ‘பாலிப்’ என்று வந்திருக்கிறது. “புற்றுநோயா?” என்று கேட்கிறார்.

பெரும்பாலும் இல்லை, அம்மா. குடலின் உள்படலச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்பவை. அந்த ஒழுங்கு ஓரிடத்தில் கெட்டுச் செல்கள் குவிந்தால் அது பாலிப். வயது, பரம்பரை, புகை, மது, உடல்பருமன் எல்லாமே இதற்குத் துணைபோகும். அடினோமா என்ற வகையை, அதிலும் குறிப்பாக ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியதை, விடவே கூடாது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளாவது ஆகும். அவ்வளவு அவகாசம் தரும் நோய்கள் குறைவு.

ஆனால் அந்த அவகாசம் நமக்குத் தெரிவதில்லை. குடலின் உட்புறத்தை வெட்டினாலும் சுட்டாலும் வலிக்காது. உப்பி விரிந்தால்தான் வலிக்கும். ஆசனவாயை ஒட்டிய கடைசிப் பகுதிக்கு மட்டுமே தோலைப் போன்ற உணர்வு. அதனால்தான் பாலிப் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்கிறது. அதை எடுப்பதைச் சுலபமாக்குவதும் இதே குணம்தான். துறைமுகத்தில் சரக்கைச் சுற்றிக் கயிற்றை இறுக்கித் தூக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். குழாய் வழியே உள்ளே போகும் கம்பிச் சுருக்கும் பாலிப்பின் அடியில் அப்படித்தான் இறுகும். பிறகு மின்சாரத்தால் அறுக்கும். 1969இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் உல்ஃபும் இதைச் செய்துகாட்டும்வரை, உள்ளே தள்ளியிருந்த பாலிப்புக்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. குடலுக்குள் பார்க்க அந்தக் குழாய்க்கு வழிவகுத்தது கண்ணாடி இழை; வளையும் அதன் கற்றை வழியே படத்தைக் கடத்தலாம் என்று 1954இல் லண்டனில் இயற்பியலாளர் ஹாப்கின்ஸோடு சேர்ந்து காட்டியவர், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி.

ராயபுரம், திருவொற்றியூர்ச் சுவர்களில் ‘மூலம், பவுத்திரம்’ நோட்டீஸ்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ரத்தம் கண்டால் ‘உடம்புச் சூடு’ என்று மோர் குடித்து நாளைக் கடத்துகிறோம். பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் குடல் நோய்க்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. கொலனாஸ்கோப்பி என்றால் முந்தின நாள் பேதி மருந்து, மறுநாள் பரிசோதனை. தினக்கூலிக்காரருக்கு இரண்டு நாள் சம்பளம் போய்விடும். முதலாளிகள் அந்த இரண்டு நாளைச் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும்.

எடுத்த சதையின் பயாப்ஸி முடிவைக் கட்டாயம் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். எண்ணிக்கை, அளவு, வகை இவற்றைப் பார்த்துத்தான் அடுத்த கொலனாஸ்கோப்பி எப்போது என்று டாக்டர் சொல்வார். அது பெரிய அடினோமா என்று வந்தால், கணவரின் அண்ணன் தம்பிகளும் நாற்பது வயதில் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.