கணிப்பொறியை ரௌட்டராக அமைத்தல்

பள்ளி ஆய்வுக்கூடங்களுக்கும் வெளிக்கள நிலையங்களுக்கும் இன்டர்நெட் இணைப்பு பெரும்பாலும் ஒன்றே வருகிறது. அதை உபயோகிக்க வேண்டிய கணிப்பொறிகளோ பத்தும் இருபதுமாக உள்ளன. இத்தகைய இடங்களில், மூலையில் ஒதுக்கப்பட்ட பழைய கணிப்பொறி ஒன்றில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைப் பொருத்தி அதனையே ரௌட்டராக இயங்கச் செய்யலாம். இது புதிய யுக்தி அன்று. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அர்ப்பாநெட் தொடங்கப்பெற்றபோது, செய்திகளை வழிப்படுத்தும் வேலையைச் செய்தவை ஹனிவெல் கம்பெனியின் சிறு கணிப்பொறிகளே. இன்று கடையில் விற்கும் ரௌட்டர்ப் பெட்டியினுள் இருப்பதும் ஒரு சிறு கணிப்பொறிதான்.

ரௌட்டர் என்பது இரு வலையமைப்புகளுக்கு இடையே நிற்கும் தபால் பிரிப்பகம் போன்றது. ஆகையால் அதற்கு இரு வாயில்கள் தேவை. ஒரு கார்டு வெளி இணைப்பை நோக்கியது. மற்றொன்று ஸ்விட்ச் வழியாக உள்ளே இருக்கும் கணிப்பொறிகளை நோக்கியது. எது வெளி, எது உள் என்பதைச் சீட்டில் எழுதிப் பின்புறம் ஒட்டிவிடுவது நலம். கேபிள்கள் மாறினால், உட்கணிப்பொறிகளுக்கு விலாசம் வழங்க வேண்டிய டி.எச்.சி.பி. சேவை வெளிப்பக்கத்தில் வழங்கத் தொடங்கிவிடும்.

அடுத்தது விலாசம். ஐ.பி. நான்காம் பதிப்பில் அமையக்கூடிய விலாசங்கள் ஏறத்தாழ 429 கோடியே. உலகிலுள்ள கருவிகளுக்கெல்லாம் தனித்தனியே கொடுக்க இவை போதா. ஆதலின் உள் உபயோகத்திற்கென்று சில தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 10 என்று தொடங்குவனவும், 192.168 என்று தொடங்குவனவும் அவற்றுள் அடங்கும். உட்கார்டுக்கு 192.168.50.1 என்று நிலையான விலாசம் அமைத்தால், மற்றக் கணிப்பொறிகள் 192.168.50.2 முதலிய விலாசங்களைப் பெற்று, 50.1-ஐயே தங்கள் வெளிவாயிலாகக் கொள்ளும். இரு கார்டுகளும் ஒரே தொகுதியில் அமையக் கூடாது. வெளி இணைப்புப் பெட்டி 192.168.1 தொகுதியை வழங்கும்போது உள்ளேயும் அதனையே வைத்தால், எந்தக் கார்டு வழியாக அனுப்புவது என்று கணிப்பொறி தீர்மானிக்க இயலாது தடுமாறும். இவ்விஷயத்தில் தவறுவோரே மிகுதி.

இவ்வளவும் செய்தபின்னரும் உள்ளிருந்து வெளியே எதுவும் செல்லாது. லினக்ஸ் இயக்கமுறையில், ஒரு கார்டில் வந்த பொட்டலத்தை மற்றொரு கார்டுக்குக் கடத்தும் வசதி சாதாரணமாக மூடியே வைக்கப்பட்டிருக்கும். ஐ.பி. ஃபார்வர்டிங் எனப்படும் அமைப்பின் மதிப்பை 0-விலிருந்து 1 ஆக்க வேண்டும். அதனை அமைப்புக் கோப்பிலும் எழுதாவிடில், மறுமுறை தொடங்கும்போது பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

உள் விலாசத்தோடு வெளியே சென்ற பொட்டலத்திற்குப் பதில் திரும்பி வாராது; அவ்விலாசம் வெளியுலகில் செல்லுபடியாகாது. எனவே ரௌட்டர் அனுப்புநர் விலாசத்தை நீக்கித் தன் வெளி விலாசத்தை இடுகிறது. எந்தக் கணிப்பொறியின் எந்தக் கோரிக்கை என்பதைப் போர்ட் எண்ணைக் கொண்டு பட்டியலில் குறித்துக் கொள்கிறது. பதில் வந்ததும் பட்டியலைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. இதுவே நாட் எனப்படும் விலாச மாற்றம்.

ஃபயர்வால் விதிகளை வெளிக் கேபிளைச் செருகுமுன் எழுதிவிட வேண்டும்; பின்னர் பார்த்துக் கொள்ளலாம் என்பது அபாயகரமான சோம்பல். உள்ளிருந்து தொடங்கிய உரையாடலுக்கான பதிலை அனுமதித்து, வெளியிலிருந்து புதிதாக வரும் எதனையும் மறுப்பதே அடிப்படை விதி. மாணவர்களின் கணிப்பொறிகளுக்கும் அந்நியர்க்கும் இடையே நிற்பது இவ்விதியே. ஐ.பி. ஆறாம் பதிப்பும் உபயோகத்தில் இருப்பின், அதற்கும் இவ்விதிகள் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இணைப்பு நின்றால் படிப்படியாகச் சோதிக்கலாம். உட்கணிப்பொறி ஒன்றிலிருந்து முதலில் 192.168.50.1-க்கும், பின்பு ரௌட்டரின் வெளி விலாசத்திற்கும், அதன்பின் 8.8.8.8 போன்ற வெளியுலக எண் விலாசத்திற்கும் பிங் அனுப்புக. முதற்படியிலேயே பதில் இல்லையெனில் கேபிள், ஸ்விட்ச் அல்லது உள் விலாசத்தில் பழுது. எண் விலாசத்திற்குப் பதில் வந்து, பெயரைக் கொடுத்தால் மட்டும் தளம் திறக்கவில்லையெனில் குறை டி.என்.எஸ். அமைப்பில் உள்ளது, கேபிளைப் பிடுங்கிச் செருகுவது வீண்வேலை.

பழைய கணிப்பொறி இனாமாகக் கிடைத்தாலும் மின்சாரம் இனாம் அன்று. 60 வாட் உட்கொள்வதாகக் கொண்டால், இடைவிடாது இயங்க நாளொன்றுக்கு 1.44 யூனிட், மாதத்திற்கு 43 யூனிட் ஆகும். இரவில் நிறுத்தி வைப்பதில் தடையில்லை. மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஊர்களில், மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கத் தொடங்கும்படி பயாஸ் அமைப்பில் குறித்து வைத்தால், காலையில் ஆசிரியர் வருமுன் இணைப்பு ஆயத்தமாக இருக்கும்.