இந்தியாவில் உருவான பிளேஸ்டேஷன்-2 விளையாட்டுகளை இனி எதில் ஆடுவது? அதிகாரப்பூர்வ எமுலேட்டர் கோரிக்கையின் பின்னணி

ஹெப்பகோடி (பெங்களூரு): ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்ததும் வரும் ஹெப்பகோடிக்கு 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயில் வந்து சேர்ந்தது. ஆர்.வி.சாலை - பொம்மசந்திரா இடையிலான அந்த மஞ்சள் தடத்தில் பணிக்குச் செல்லும் இளைஞர்கள் பலரின் கைபேசிகளுக்கு, அவர்கள் பள்ளிப் பருவத்தில் ஆடிய வீடியோ கேம் கருவிகளைப் போலவே இயங்கும் திறன் உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இது நெடுங்காலமாக இருந்துவரும் வசதி. பழைய கேம் கருவிகளின் எமுலேட்டர்களை ஆப் ஸ்டோரில் அனுமதிப்பதாக ஆப்பிள் நிறுவனம் 2024 ஏப்ரலில் அறிவித்த பின், ஐபோன்களுக்கும் அது கிடைத்தது.

ஆனால், அதே இளைஞர் ஊரில் உள்ள வீட்டு அலமாரியிலிருந்து, முறையாக விலை கொடுத்து வாங்கிய பிளேஸ்டேஷன்-2 தட்டு ஒன்றை எடுத்து வந்து, தம்முடைய கணினியில் ஆட விரும்பினால் சட்டச் சிக்கல் எழுகிறது. கருவியைத் தயாரித்த நிறுவனமே எமுலேட்டரை வெளியிட்டால் என்ன என்ற கேள்வி உலகெங்கும் எழுவதற்கு இதுவே காரணம். இந்தியாவைப் பொறுத்தவரை இக்கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. இந்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட விளையாட்டுகள் சில அந்தப் பழைய கருவியோடு முடங்கிக் கிடக்கின்றன.

எமுலேட்டர் என்றால் என்ன?

ஒரு கருவியின் மின்னணுப் பாகங்கள் செய்யும் வேலையை வேறொரு கருவியில் மென்பொருளால் செய்து காட்டுவதே எமுலேட்டர். பிளேஸ்டேஷன்-2 தட்டில் உள்ள கட்டளைகள் அக்கருவியின் செயலிக்கென எழுதப்பட்டவை. எமுலேட்டர் அவற்றை உடனுக்குடன் மொழிமாற்றி, கணினியின் செயலிக்குப் புரியும்படி கொடுக்கிறது. விளையாட்டுக்கோ தான் இன்னும் பழைய கருவியில்தான் இயங்குவதாகவே 'எண்ணம்'.

கருவி இயங்கத் தொடங்கும்போது முதலில் விழித்தெழும் அடிப்படை மென்பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் பயாஸ். சோனியின் பயாஸ் சோனிக்குச் சொந்தமான பதிப்புரிமைப் படைப்பு. ஆகவே, பிளேஸ்டேஷன்-2 எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2 பயாஸைத் தன்னோடு வழங்குவதில்லை. பயனர் தம்முடைய சொந்தக் கருவியிலிருந்து அதை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் பலரும் அந்தச் சிரமத்தை மேற்கொள்வதில்லை. இணையத்தில் கிடைப்பதை இறக்கிக்கொள்கின்றனர். சட்டத்தை மீறாமல் விளையாட்டை வாங்கியவரும் மீறும் இடம் அதுதான்.

ஐதராபாத்தில் பிறந்த விளையாட்டுகள்

உலகில் 15 கோடிக்கு மேல் விற்பனையான பிளேஸ்டேஷன்-2, மற்ற நாடுகளில் வழக்கொழியத் தொடங்கிய பின்னரும் இந்தியாவில் விலை மலிந்து பரவலாக விற்றது. அச்சந்தையை நம்பி சோனி இந்திய நிறுவனங்களுக்கு வாய்ப்பளித்தது. ஐதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜீஸ் உருவாக்கிய 'அனுமான்: பாய் வாரியர்' 2009-இல் வெளியானது. பிளேஸ்டேஷன் கருவிக்காக முழுவதும் இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் விளையாட்டாக அது அறியப்படுகிறது. தெய்வத்தைப் பொத்தான்களால் ஆட்டிவைப்பதா என்று அப்போது வெளிநாட்டு இந்து அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பும் எழுந்தது.

அதே ஆண்டில் கேம்சாஸ்த்ரா நிறுவனத்தின் 'தேசி அட்டா' வந்தது. கபடி, பட்டம் விடுதல், நம் ஊர்க் கிட்டிப்புள்ளின் வடநாட்டு வடிவமான கில்லி தண்டா ஆகியவற்றைத் திரைக்குக் கொண்டுவந்த விளையாட்டு இது. தெருக் கிரிக்கெட்டை மையமாகக் கொண்ட 'ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்', ஷாருக் கானின் திரைப்படத்தை ஒட்டிய 'ரா.ஒன்' என வரிசை தொடர்ந்தது. 'டான் 2' விளையாட்டு வெளியான ஆண்டு 2013. பிளேஸ்டேஷன்-2 உற்பத்தி நிறுத்தப்பட்டதாக உலகம் அறிந்ததும் அதே ஆண்டின் ஜனவரியில்தான்.

கலைநயத்தில் இவை உலகத் தரத்தை எட்டியவை என்று கூற முடியாது. விமர்சகர்கள் பலர் அப்போதே இவற்றைக் கடுமையாகக் குறை கூறினர். இருப்பினும், இந்தியக் கேம் துறை வெறும் வெளிநாட்டு ஒப்பந்த வேலையாக இருந்த காலத்தில், சொந்தக் கதையைச் சொந்தக் கைகளால் செய்து பார்த்த தொடக்க முயற்சிகள் இவை. பெங்களூரிலேயே 1997-இல் தொடங்கப்பட்ட துருவா இன்டராக்டிவ், பல ஆண்டுகள் வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு ஓவிய வேலை செய்தே வளர்ந்தது. 2019-இல் அதை ராக்ஸ்டார் நிறுவனம் வாங்கியது. அந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் 'தேசி அட்டா' போன்றவற்றின் இடம் புரியும்.

இன்று அவற்றை ஆட வேண்டுமெனில் பழைய கருவி வேண்டும். தட்டைப் படிக்கும் லென்ஸ் தேய்ந்துபோவது அக்கருவிகளில் வழக்கமான பழுது. கருவி நல்ல நிலையில் இருந்தாலும், மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிற ஏவி வயர்களைச் செருகும் துளைகள் புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் இல்லை. கையடக்கக் கருவியான பிஎஸ்பி-க்கு வந்த பதிப்புகளின் நிலை இன்னும் மோசம். அதன் யுஎம்டி தட்டைப் படிக்கும் கருவி கணினிகளுக்கு வரவே இல்லை.

மறுவெளியீடு ஏன் தீர்வாகாது?

பழைய விளையாட்டுகளைச் சோனி முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. இந்தியாவில் 2022 ஜூனில் அறிமுகமான பிளேஸ்டேஷன் பிளஸ் டீலக்ஸ் சந்தாவில் முதல், இரண்டாம் தலைமுறைக் கருவிகளின் விளையாட்டுகள் சில வழங்கப்படுகின்றன. அவை இயங்குவதும் சோனி எழுதிய எமுலேட்டர் வழியாகவே. அதாவது, எமுலேட்டர் ஏற்கெனவே இருக்கிறது. அது சந்தாவுக்குள் பூட்டப்பட்டுள்ளது. திரைப்பட டிவிடியை ஏற்றுக்கொள்ளும் பிளேஸ்டேஷன்-5, அதே டிவிடி வடிவில் உள்ள பிளேஸ்டேஷன்-2 தட்டை ஏற்பதில்லை. இந்திய விளையாட்டுகள் எதுவும் மறுவெளியீட்டுப் பட்டியலில் இடம்பெறவும் இல்லை.

இடம்பெறுவதற்கான வாய்ப்பும் குறைவு. ஒரு விளையாட்டை மீண்டும் விற்க வேண்டுமெனில் அதன் உரிமையாளர்கள் அனைவரின் ஒப்புதலும் தேவை. 'ரா.ஒன்' போன்ற ஒன்றுக்குத் திரைப்படத் தயாரிப்பாளர், நடிகரின் உருவம், இசை என உரிமைகள் பல கைகளில் சிதறிக் கிடக்கும். சிறு நிறுவனங்கள் மூடப்பட்டிருந்தால் யாரிடம் கேட்பது என்பதே தெரியாது. வருமானமோ சொற்பம். எந்த வணிக நிறுவனமும் இதற்காக வழக்கறிஞர்களை அமர்த்தாது.

அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை. பெரும் சந்தையான அமெரிக்காவிலேயே அந்நிலை.

எமுலேட்டரின் தன்மை இதிலிருந்து வேறுபட்டது. தட்டை வாங்கியவர் கையில் விளையாட்டு ஏற்கெனவே இருக்கிறது. அதை இயக்கும் கருவி மட்டுமே தேவை. அதற்கு நடிகரிடமோ இசையமைப்பாளரிடமோ புதிதாக ஒப்புதல் பெற வேண்டியதில்லை. கருவியைத் தயாரித்தவர் மனம் வைத்தால் போதும்.

இரண்டு முன்னுதாரணங்கள்

இந்த வேறுபாடு வெறும் வாதம் அன்று. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கருவியில் பழைய தட்டைச் செருகினால் விளையாட்டு இயங்குகிறது. ஆனால், அங்கு தட்டு வெறும் சாவி. விளையாட்டு இணையத்திலிருந்து புதிதாக இறங்குகிறது. அது மறுவிநியோகம் என்பதால் ஒவ்வொரு வெளியீட்டாளரின் ஒப்புதலும் வேண்டியிருந்தது. 2021 நவம்பரில் 76 விளையாட்டுகளைச் சேர்த்த கையோடு, உரிமம், சட்டம், தொழில்நுட்பம் ஆகிய தடைகளால் இனி மேற்கொண்டு செல்ல இயலாது என அந்நிறுவனம் அறிவித்தது.

அடாரி தேர்ந்தெடுத்த வழி வேறு. 2023-இல் வந்த அடாரி 2600+ கருவி, 1970-களின் அசல் கேட்ரிட்ஜைச் செருகினால் அதிலுள்ளதைப் படித்து, 'ஸ்டெல்லா' என்ற எமுலேட்டரில் இயக்குகிறது. ஸ்டெல்லா தன்னார்வலர்கள் பல்லாண்டுகளாக வளர்த்தெடுத்த மென்பொருள். வெளியீட்டாளர் இன்று இருக்கிறாரா இல்லையா என்பதைப் பற்றி அக்கருவி கவலைப்படுவதில்லை. சோனியும் இத்தகைய மென்பொருளை அறியாத நிறுவனம் அல்ல: 2018-இல் 20 விளையாட்டுகளுடன் விற்ற 'பிளேஸ்டேஷன் கிளாசிக்' பெட்டிக்குள் இயங்கியது ரசிகர்கள் உருவாக்கிய பிசிஎஸ்எக்ஸ் எமுலேட்டரின் ஒரு வடிவமே.

நீதிமன்றமும் இந்தியச் சட்டமும்

எமுலேட்டர் என்றாலே சட்டவிரோதம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. மேக் கணினியில் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை இயக்கும் மென்பொருளைக் கனெக்டிக்ஸ் நிறுவனம் 1999-இல் விற்கத் தொடங்கியபோது சோனி வழக்குத் தொடர்ந்தது. சோனியின் பயாஸை ஆராய்ந்து, அதன் வரிகளைப் பயன்படுத்தாமல் சொந்தமாக எழுதிய மென்பொருள் குற்றமாகாது என 2000 பிப்ரவரியில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே அந்த மென்பொருளைச் சோனி விலைக்கு வாங்கி, விற்பனையை நிறுத்தியது. வழக்கில் கிடைக்காதது பணத்தால் கிடைத்தது.

இந்தியாவின் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இதில் ஓரளவு தாராளமானது. முறையாக வைத்திருப்பவர் ஒரு கணினி நிரலுக்குப் பாதுகாப்பு நகல் எடுக்கவும், தனித்து உருவாக்கிய வேறொரு நிரல் அதனுடன் இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறவும் 52-ஆம் பிரிவு இடமளிக்கிறது. சொந்தக் கருவியிலிருந்து பயாஸை நகலெடுப்பது இதற்குள் அடங்கும் என வாதிடலாம். ஆனால், பிறர் இணையத்தில் ஏற்றியதை இறக்குபவருக்கு அந்த வாதம் இல்லை. திருட்டு நகலை அறிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பூட்டை உடைத்து உரிமையை மீறுவோருக்கு 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு 2 ஆண்டு வரை சிறை விதிக்கிறது.

நூல்களுக்கு 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம் உண்டு; அதன்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் படிகள் வந்து சேர்கின்றன. திரைப்படங்களுக்கு 1964-இல் புனேவில் ஆவணக் காப்பகம் அமைந்தது. வீடியோ கேம்களுக்கு அத்தகைய சட்டக் கடப்பாடு எதுவும் இல்லை.

நிறுவனங்கள் தயங்குவது ஏன்?

தயக்கத்துக்கு நியாயமான காரணங்களும் உள்ளன. அசல் தட்டைப் படிக்கும் எமுலேட்டர், சற்றுத் திருத்தினால் திருட்டு நகலையும் படிக்கும். சிப் பொருத்திய பிளேஸ்டேஷன்-2 கருவிகளும் மலிவான நகல் தட்டுகளும் இந்தியாவில் எவ்வளவு பரவியிருந்தன என்பதை அக்காலத்தவர் அறிவர். ஆயிரக்கணக்கான விளையாட்டுகளைச் சோதிக்கும் செலவு, புகார்களுக்குப் பதில் கூறும் பொறுப்பு, சந்தா வருமானம் குறையும் என்ற அச்சம் ஆகியவையும் உண்டு.

நிண்டெண்டோவின் அனுபவத்தை இத்தரப்பினர் சுட்டிக்காட்டுகின்றனர். ஸ்விட்ச் கருவிக்கான 'யூசு' எமுலேட்டரை எதிர்த்து 2024 பிப்ரவரியில் அந்நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. புதிய செல்டா விளையாட்டு விற்பனைக்கு வரும் முன்பே 10 லட்சம் முறைக்கு மேல் சட்டவிரோதமாக இறக்கப்பட்டதாகக் குற்றம் சாட்டியது. ஒரே வாரத்தில் 24 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு எதிர்த்தரப்பு இணங்கி, எமுலேட்டரைக் கைவிட்டது. கடையில் விற்றுக்கொண்டிருக்கும் கருவிக்கு அந்தக் கவலை முற்றிலும் பொருந்தும். விற்பனை நின்று பத்தாண்டுகளுக்கு மேலான கருவிக்கு அதே காரணத்தைக் கூறுவது பொருந்தாது. பிளேஸ்டேஷன்-2 எமுலேட்டரால் சோனி இழக்கக்கூடிய கருவி விற்பனை எதுவும் இன்று இல்லை. திருட்டு நகலை விரும்புவோருக்கு இலவச எமுலேட்டர்கள் ஏற்கெனவே கிடைக்கின்றன. அதிகாரப்பூர்வ எமுலேட்டர் இல்லாததால் நேர்மையாக நடக்க விரும்புவோர் மட்டுமே தவிக்கின்றனர்.

சோனி முழு எமுலேட்டரை எழுத வேண்டிய தேவையும் இல்லை. தனிப்பட்ட, வணிகமற்ற பயன்பாட்டுக்குப் பயாஸை முறையான உரிமத்துடன் சிறு கட்டணத்துக்கு வழங்கினாலே, கணினியின் டிவிடி இயக்கியில் அசல் தட்டைச் செருகி ஆட வழி பிறக்கும். அதற்கும் காலம் கனிந்திருக்கிறதே தவிர, நீண்டு கிடக்கவில்லை. எழுதப்பட்ட தட்டுகள் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிதைகின்றன. புதிய மடிக்கணினிகளில் டிவிடி இயக்கி அரிதாகிவிட்டது. 2024 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன்-5 ப்ரோ கருவியிலும் தட்டைச் செருகும் இடம் இல்லை. அதைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும்.