மழை மெலிவு

மழை மெலிவு என்பது செயற்கைக்கோளிலிருந்து வரும் நுண்ணலைகள், வழியில் பெய்யும் மழையால் உறிஞ்சப்பட்டும் சிதறடிக்கப்பட்டும் வலுவிழப்பதைக் குறிக்கும். வீட்டுக் கூரையில் டிஷ் வைத்திருப்போர், பலத்த மழையின்போது தொலைக்காட்சிப் படம் கட்டங்கட்டமாக உடைவதையும், பின்னர் 'சிக்னல் இல்லை' என்ற அறிவிப்பு தோன்றுவதையும் காண்கின்றனர். இது கருவியின் பழுது அன்று. மழை கடந்ததும் தானே சரியாகிவிடும்.

காரணம்

இந்தியாவில் வீடுகளுக்கு நேரடியாக வரும் டிடிஎச் சேவைகள் கேயூ பட்டையைப் பயன்படுத்துகின்றன. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய டிடி டைரக்ட் பிளஸ் (இன்றைய டிடி ஃப்ரீ டிஷ்) சேவையும் இப்பட்டையிலேயே இயங்குகிறது. இதன் அதிர்வெண் சுமார் 12 கிகாஹெர்ட்ஸ்; அலைநீளம் சுமார் 2.5 செ.மீ. மழைத்துளிகளின் விட்டம் சில மில்லிமீட்டர். அலைநீளம் துளியின் அளவை நெருங்க நெருங்க இழப்பு கூடும். பெரிய டிஷ்களில் பெறப்படும் சி பட்டையின் அலைநீளம் சுமார் 7.5 செ.மீ. என்பதால் அது மழையை எளிதில் கடக்கிறது.

மணிக்கு 100 மி.மீ. வீதத்தில் மழை கொட்டும்போது, கேயூ பட்டை அலை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 5 டெசிபல், அதாவது தன் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கை இழக்கிறது. அதே மழையில் சி பட்டையின் இழப்பு கிலோமீட்டருக்கு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மழை தானும் நுண்ணலை இரைச்சலை வெளியிடுவதால், மெலிந்த சமிக்ஞையைப் பிரித்தறிவது மேலும் கடினமாகிறது. பழைய ஒப்புமை ஒளிபரப்பில் படம் மெல்ல மெல்லப் புள்ளிகளால் மங்கும். எண்ணிம ஒளிபரப்பில் ஓர் எல்லை வரை படம் தெளிவாக இருந்து, அதன் கீழே சென்றதும் சட்டென நின்றுவிடும்.

திருப்பூர்ப் பகுதியில்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ள திருப்பூர் மாவட்டத்தில் ஆண்டு மழை குறைவு. ஆனால் மழை மெலிவு ஆண்டு மொத்தத்தைப் பொறுத்ததன்று. அந்தந்த நேரத்தில் மழை எவ்வளவு வேகமாகப் பெய்கிறது என்பதைப் பொறுத்தது. நாள் முழுதும் தூறும் மழையில் படம் நிற்காது. ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் இடியுடன் கொட்டும் கோடை மழையும், அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்குப் பருவமழையும் அரைமணி நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கக்கூடும்.

ஃப்ரீ டிஷ் சேவை 93.5 பாகை கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து கிடைக்கிறது. திருப்பூரில் இதற்கான டிஷ் தென்கிழக்கு நோக்கி, அடிவானிலிருந்து சுமார் 67 பாகை உயரத்தில் பார்க்கிறது. வெப்பமண்டலத்தில் மழைநீர் ஏறக்குறைய 5 கி.மீ. உயரத்திலிருந்தே தொடங்குகிறது. எனவே அலை மழைக்குள் சுமார் ஐந்தரை கி.மீ. பயணிக்கிறது, வீட்டுக்குத் தென்கிழக்கே 2 கி.மீ. தொலைவு வரை பெய்யும் மழையும் அதன் பாதையில் குறுக்கிடும். வாசலில் ஒரு துளியும் விழாதபோதே படம் நின்றுபோவதும், மழை விட்ட பிறகும் சிறிது நேரம் படம் வராமலிருப்பதும் இதனால்தான்.

காற்றும் கதிரவனும்

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஜூன் முதல் வீசும் காற்று பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்று தளர்ந்த டிஷ்ஷையும் திருப்பிவிடலாம். 60 செ.மீ. டிஷ் ஒன்றரை பாகை விலகினாலே சமிக்ஞை ஏறத்தாழப் பாதியாகும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் கதிரவன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் நாட்களில், பகலில் சில நிமிடங்கள் தடை ஏற்படுவதும் உண்டு. மூடுபனியும் சாதாரண மேகமும் கேயூ பட்டையைப் பெரிதும் பாதிப்பதில்லை.

தணிக்கும் வழிகள்

60 செ.மீ. டிஷ்ஷுக்குப் பதில் 90 செ.மீ. டிஷ் வைத்தால் இரண்டேகால் மடங்கு, அதாவது சுமார் மூன்றரை டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். மிதமான மழையைச் சமாளிக்க இது போதும். கொட்டும் மழைக்குப் போதாது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கீட்டு முறைகளும் தடையை முற்றாக நீக்குவதை எதிர்பார்ப்பதில்லை. ஆண்டில் 0.01 விழுக்காட்டு நேரம், அதாவது சுமார் 53 நிமிடங்கள் மட்டுமே மிஞ்சும் மழை வீதத்தை அவை அடிப்படையாகக் கொள்கின்றன.

கவனிக்க வேண்டியவை

பனியன் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் தகரக் கூரைமேல் டிஷ்கள் பொருத்தப்பட்டிருப்பதுண்டு. மழையில் படம் நின்றதும் ஏறித் திருப்பிப் பார்ப்பது இரு வகையில் தவறு: ஈரக் கூரையில் வழுக்கலும் மின்னலும் உயிருக்கு ஆபத்து; சரியாக இருந்த டிஷ்ஷைத் திருப்பிவிட்டால் மழை விட்ட பிறகும் படம் வராது. இடி இடிக்கும்போது மின்னிணைப்பையும் டிஷ் கம்பியையும் கழற்றி வைத்திருப்பது செட்டாப் பெட்டியைக் காக்கும். இடி தொடங்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

வானம் தெளிந்த பின்னும் பெட்டியின் பட்டியலில் சிக்னல் தரம் குறைவாகவே இருந்தால் மட்டும், டிஷ் நகர்ந்துள்ளதா, கம்பி முனையில் நீர் புகுந்துள்ளதா என்று பார்க்கச் செய்யலாம்.

வானிலை எச்சரிக்கை மிகத் தேவைப்படும் வேளையிலேயே டிடிஎச் நிற்கக்கூடும். வானொலியின் பண்பலை, மத்திய அலை ஒலிபரப்புகளின் அலைநீளம் மீட்டர் கணக்கில் இருப்பதால் மழைத்துளிகள் அவற்றை மெலிவிப்பதில்லை. பேட்டரியில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி மழைக்காலத்தில் வீட்டில் இருப்பது நல்லது.