பேட்ச் மாறலாம்... தெரு மாறலாமா?

உங்கள் வீட்டுப் பரணில் தேடிப் பாருங்கள். கறுப்பு பைண்டிங், தங்க எழுத்து, தலைப்பில் கட்டாயம் 'ஓர் ஆய்வு'. கடைசி வருஷ ப்ராஜெக்ட்! பேராசிரியருக்கு நன்றி, பெற்றோருக்கு நன்றி, கடவுளுக்கு நன்றி... அதிலேயே மூணு பக்கம் ஓடியிருக்கும். அப்புறம் ஐம்பது பேரிடம் கேட்ட இருபது கேள்வி, வட்டமா ஒரு படம், 'அரசு ஆவன செய்ய வேண்டும்' என்று ஒரு முடிவுரை. வைவா முடிஞ்சதும் புத்தகத்துக்கு மோட்சம்.

சரி, பதில் சொன்ன அந்த ஐம்பது பேர் என்ன ஆனாங்க?

ஆரணியை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை மாவட்டத்தின் பட்டு ஊர். அதன் சேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ப்ராஜெக்ட் பண்ண இப்படி ஒரு ஊர் அமையாது. பி.காம். பையனுக்குக் கூலிக் கணக்கு, கடன், கூட்டுறவுச் சங்கம் என்று பாடப் புத்தகம் முழுக்கத் தெருவிலேயே இருக்கு. இன்ஜினீயரிங் பையனுக்கு ஜக்கார்டு இருக்கு. அட்டையில் ஓட்டை போட்டு டிசைனைத் தறிக்குச் சொல்லிக்கொடுக்கிற அந்தச் சமாசாரத்தை ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1804 வாக்கில் கொண்டுவந்தார். கம்ப்யூட்டருக்கு வந்த ஓட்டை அட்டைக்கு அதுதான் தாத்தா!

ஆனா ஒரு சிக்கல். கூலி நெசவில் மாசச் சம்பளம் கிடையாது. சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் காசு. ஆபீசில் நாம் ஒரு மணி நேரம் கேன்டீனில் அரட்டை அடித்தாலும் ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துடும். நெசவாளி நாடாவைக் கீழே வைத்தால், அந்த நிமிஷமே மீட்டர் நின்றுவிடும். ஐம்பது வீடு, வீட்டுக்கு அரை மணி என்று கணக்குப் போடுங்கள். இருபத்தைந்து மணி நேரம். மூணு நாள் வேலை சார்! அந்த ப்ராஜெக்ட்டுக்கு ஸ்பான்சரே நெசவாளிதான். நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கா, பாருங்க.

மணிக் கணக்கு

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் ஆரம்பித்தது நாட்டு நலப்பணித் திட்டம், நம்ம என்.எஸ்.எஸ். வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240, கூடவே ஏழு நாள் முகாம். 2022-ல் 'நான் முதல்வன்' வந்தது. 2024-ல் யு.ஜி.சி., பட்டப் படிப்பு மாணவர்களின் இன்டர்ன்ஷிப்புக்கு 60 முதல் 120 மணி நேரம் என்று வழிமுறை வெளியிட்டது.

எல்லாம் மாணவனின் மணிக்கணக்கு. திண்ணையில் உட்கார்ந்து பதில் சொன்னவரின் மணி எந்த நோட்டில் ஏறுது?

ஒரு கிராமத்தைத் தத்தெடுத்துத் தொடர்ந்து வேலை செய்யணும் என்றுதான் என்.எஸ்.எஸ். சொல்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறது? நூறு மாணவர்களுக்கு ஒரு திட்ட அலுவலர். அவரே வகுப்பும் எடுக்கணும், விடைத்தாளும் திருத்தணும். முகாமில் கோயில் குளம் சுத்தமாகும், மரக்கன்று நடப்படும், குரூப் போட்டோ எடுக்கப்படும். எட்டாம் நாள் கன்றுக்குத் தண்ணீர் ஊத்துறது யார்? அடுத்த வருஷம் வேற ஊர், வேற கன்று, வேற போட்டோ!

பஸ் போகிற வழியில்...

இதற்கு வைத்தியம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். ஆரணியிலிருந்து வேலூர் பஸ் ஏறினால் கண்ணமங்கலம் தாண்டிக் கணியம்பாடி வரும். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் முதல் வருஷ மாணவர்கள், முழு டாக்டர் ஆவதற்கு ரொம்ப முன்னாலேயே கிராமத்தில் போய்த் தங்கி, வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். அதோடு மூட்டை கட்டிவிடுவதில்லை. கணியம்பாடி வட்டாரத்தில் கல்லூரியின் சமுதாய நலப் பிரிவு பல பத்தாண்டுகளாகக் கால் ஊன்றி நிற்கிறது. ஊர்ப் பெண்களே சுகாதாரப் பணியாளர்கள். பிறப்பு, இறப்பு, கர்ப்பிணிகள் விவரம் விடாமல் பதிவாகிறது. மாணவனுக்குப் பதில் சொன்ன அம்மாவுக்குப் பிரசவம் பார்க்க அந்தப் பிரிவின் ஆஸ்பத்திரியே இருக்கிறது. கேள்விக்குக் கைமாறு உண்டு!

(அமெரிக்காவும் சளைத்ததல்ல. 1906-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் மாணவர்களுக்கு ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் தொழிற்சாலை என்று முறை போட்டார். ஒரு கோஷ்டி வகுப்புக்குத் திரும்பினால் இன்னொரு கோஷ்டி அங்கே போய் நிற்கும். முதலாளிக்கு வேலை தடைபடாது.)

ஆரணியில் செய்தால்?

முதல் விதி: ஒரு கல்லூரி, ஒரு தெரு, அஞ்சு வருஷம். பேட்ச் மாறலாம், தெரு மாறக் கூடாது.

இரண்டாவது: கேள்வியை நெசவாளி கேட்கட்டும். "தம்பி, பட்டு, ஜரிகை, தார் சுத்துற கூலி எல்லாம் போக ஒரு நாளைக்கு எனக்கு என்ன நிக்குது, பார்த்துச் சொல்லேன்" என்பார். அடக்கவிலைக் கணக்கில் எண்பது மார்க் வாங்கின பையனுக்கு அதுதான் அசல் பரீட்சை. கைத்தறிக்கு இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆக 2023-ல் உயர்ந்ததே, அது அந்த வீட்டு பில்லில் ஏறியிருக்கா? முத்ரா கடன் ஃபாரத்தில் எந்தக் கட்டத்தில் தடுமாறுகிறார்? இதெல்லாம் ப்ராஜெக்ட் ஆகாதா என்ன?

மூன்றாவது: முடிவைத் தமிழில் எழுதி அதே தெருவில் படித்துக் காட்டணும். நோட்டை அடுத்த பேட்ச் கையில் ஒப்படைத்தால்தான் முழு மார்க். நெசவாளிக்கு இது புதுசு இல்லை. தறியில் பாவு தீர்ந்தால் பழைய இழையின் நுனியோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழை! நாம் பிணைக்க வேண்டியது ஒரே ஒரு நோட்டு.

கல்லூரியை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்லை. உங்கள் ஆபீசுக்கும் ஒரு நாள் இன்டர்ன்ஷிப் என்று ஒரு பையன் வந்து நிற்பான். டீ வாங்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் அனுப்பிவிட்டுக் கடைசி நாளில் சர்ட்டிபிகேட் நீட்டாதீர்கள். போன வருஷப் பையன் பாதியில் விட்ட வேலையை ஃபைலோடு எடுத்துக் கொடுங்கள்.

ஆமா... அந்த ஃபைல் எங்கே?